அம்மனுக்கு விட்ட முதல் வரி

எனக்குப் பயம் அதிகம். பேய், பாம்பு, இருட்டு என்று ஊரில் எல்லோரும் பயப்படுகிறவற்றுக்கு நான் அவ்வளவாகப் பயந்ததில்லை. என் பயமெல்லாம் எதையாவது தாங்கிக்கொண்டிருக்கிற இரும்பைப் பற்றியது. மின்விசிறி தொங்குகிற கொக்கி, பேருந்தின் பின்படிக்கட்டு, பள்ளிக்கூடத்து மாடிக் கைப்பிடி, பொருட்காட்சியில் சுற்றுகிற ராட்டினம். திண்டுக்கல்லில் நான் முழுசாக நம்புகிற ஒரே பொருள் மலைக்கோட்டைப் பாறைதான். அது எதிலும் தொங்கவில்லை.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மல்லிகைத் தோட்டமும் அதில் ஒரு பழைய கிணறும் இருக்கின்றன. நான் பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் கிணற்று மோட்டார் நின்றுபோனது. மெக்கானிக் வந்து, கிணற்று மேட்டில் மூன்று இரும்புக் கால்களை நட்டு, அதில் செயின் மாட்டி, செயின் நுனியில் எங்கள் வீட்டுக் கொக்கியைப் போட்டு, மோட்டாரை மேலே இழுத்தார். அப்பா உள்ளே ஒரு கல் திட்டில் நின்றுகொண்டு, மோட்டார் சுவரில் இடிக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி தூக்கியபோது அம்மா மேலிருந்து கூப்பிட்டாள்.

"மோரு கொண்டாந்திருக்கேன். குடிச்சிட்டு எறங்குங்க."

செயினை அப்படியே நிறுத்திவிட்டு அப்பா மேலே ஏறி வந்தார். சொம்பை வாயில் வைத்தார். அப்போது கொக்கி ஒடிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை, முருங்கைக் கிளை முறிகிற சத்தம்தான். மோட்டார் நேராக அப்பா நின்ற திட்டின் மேல் விழுந்து, திட்டையும் பெயர்த்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது.

அப்பா சொம்பைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. மெக்கானிக் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, "கண்ணு பட்டுருச்சுண்ணே. தோட்டம் இம்புட்டுச் செழிப்பா இருந்தா நாலு பேரு கண்ணு படத்தான செய்யும்" என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் அந்த வெயிலில் செருப்புகூடப் போடாமல் வாய்க்கால் ஓரத்துக் காளியம்மன் கோயிலுக்கு ஓடினாள். தன் வாயில் மோர் என்ற வார்த்தையை அந்த நேரத்தில் வரவைத்தது அம்மன்தான் என்று அவள் அன்று முடிவு செய்தாள். அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை.

நான் ஒடிந்த கொக்கியின் மேல்துண்டைச் செயினிலிருந்து கழற்றிப் பார்த்தேன். ஒடிந்த முகத்தில் பாதி பழுப்பாகத் துருவேறி இருந்தது. மீதிப் பாதி அப்போதுதான் பிட்ட சர்க்கரைக் கட்டி மாதிரி மினுமினுவென்று இருந்தது. அதன் அர்த்தம் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. மினுமினுப்பு இன்றைக்கு ஒடிந்தது. பழுப்பு எப்போதோ ஒடிந்தது. போன வருஷம் இதே கொக்கியில் மோட்டாரைத் தூக்கியபோதும், அதற்கு முந்தி தூர் வாரியபோதும், அது பாதி ஒடிந்துதான் இருந்திருக்கிறது. வெளியே பார்த்தால் கொக்கி. உள்ளே பாதிதான் கொக்கி. அதற்குக் கீழே என் அப்பா நின்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் அந்தப் பழுப்புதான் ஞாபகம் வந்தது. வகுப்பில் பாடம் நடக்கும், நான் தலைக்கு மேலிருக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கூடப் படித்தவர்கள் எனக்கு "மேலோகம்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும், விழுந்தால் அவர்கள் தலையிலும்தான் விழும்.

அப்பா வேறொரு கொக்கி வாங்கிவந்தார். முதல் தடவை கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பு, செத்த வந்து இதைப் பாத்துச் சொல்லு. நீ சரின்னா எறங்குறேன்" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். நான் டார்ச் அடித்து, துணியால் துடைத்து, ஸ்பேனரால் தட்டி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எறங்குங்கப்பா" என்றேன். அடுத்த தடவையும் கூப்பிட்டார். அதற்கடுத்த தடவை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை காத்திருந்தார். இப்படியே அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. நான் பார்த்துச் சொல்லாமல் அப்பா கிணற்றில் இறங்குவதில்லை. தூர் வாரும்போது சேற்றுக் கூடை அவர் தலைக்கு மேல் அந்தக் கொக்கியில்தான் ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே வருகிறவரை நான் கிணற்று மேட்டை விட்டு நகர்ந்ததில்லை.

இரும்பும் களைத்துப் போகும் என்று போனில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். உலோகச் சோர்வு என்று அதற்குப் பெயர். எத்தனையோ தடவை தூக்கி இறக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் உள்ளே ஆரம்பித்து, மெல்ல மெல்ல வளர்ந்து, ஒரு நாள் சாதாரண எடைக்கே ஒடிந்துவிடும். இதையெல்லாம் படிப்பதற்கென்றே மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் என்று ஒரு படிப்பு இருந்தது. அதைப் படித்தால் பயம் போய்விடும் என்று நம்பினேன். வேறு எந்த லட்சியமும் எனக்கு இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து சொந்தக்காரர்களிடம் சொன்னபோது, "மெட்டீரியலா? சுடிதார் மெட்டீரியலா?" என்று சிரித்தார்கள். அப்பா, "எது எப்ப ஒடியும்னு கண்டுபிடிக்கிற படிப்பு" என்று விளக்கினார். "விளங்குறதுக்கு எம்புட்டோ படிப்பு இருக்கு. ஒடியறதுக்கா பீஸ் கட்டப் போற?" என்று கேட்டவர் உண்டு. அம்மாவுக்கு ஒரே ஆசைதான். திண்டுக்கல்லுக்குப் போகிற வழியில் ஒரு தனியார் கல்லூரி இருக்கிறது. அதன் பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். அதில் கம்ப்யூட்டர் படித்தால் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பேன்.

நான் தேர்ந்தெடுத்தது கோவையில் ஒரு கல்லூரி. அங்கே உலோகத் துறை நன்றாக இருந்தது, முந்தைய வருஷத்து மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது. அப்பாவும் நானும் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். ஒட்டன்சத்திரம் தாண்டி, பழனி தாண்டி, ஒரே பஸ். வழி நெடுக அப்பா இந்தப் பஸ் எத்தனை மணிக்கெல்லாம் இருக்கிறது, பெண்பிள்ளைகள் ஏறுகிறார்களா, எந்த ஸ்டாப்பில் கூட்டம் என்று கண்டக்டரைத் தொந்தரவு செய்துகொண்டே வந்தார். அந்தப் பஸ்ஸின் பெட்டி வைக்கிற கம்பி ஒரு பக்கம் வெல்டிங் விட்டிருந்தது. நான் அதற்குக் கீழே உட்காராமல் பழனிவரை நின்றுகொண்டே போனேன்.

கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண்மணி, "ஏனுங்க, பொண்ணு சேர்றதுக்குங்களா? உள்ள வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார். உலை இருந்தது, வரிசையாக மைக்ராஸ்கோப்புகள் இருந்தன. ஒரு கண்ணாடி அலமாரி முழுக்க ஒடிந்த சாமான்கள். பல்சக்கரம், அச்சு, போல்ட், சங்கிலி, கடைசித் தட்டில் ஒரு கொக்கி. ஒவ்வொன்றின் கீழும் அது எதனால் ஒடிந்தது என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கொக்கியின் முகத்திலும் பாதி பழுப்பு, பாதி வெளிச்சம். என்னைப் போலப் பயந்தவர்கள் சேர்ந்து ஒரு துறையே நடத்துகிறார்கள் என்று தோன்றியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா அதைப் பார்க்காத மாதிரி உலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சென்னையிலும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருந்தது. இணையத்தில் அதன் ஆய்வகப் படங்களைப் பார்த்தபோது, கோவையில் பார்த்தது அதில் ஒரு மூலைக்குக் காணாது என்று தெரிந்தது. ஆனால் அங்கே கேட்கிற மதிப்பெண் எனக்கு எட்டாக்கனி. எட்டினாலும் சென்னை எனக்குப் பயம். தெரிந்தவர் ஒருவர் இல்லை, நான் பேசுகிற இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்கள், மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்களாம். அதைப் பற்றி வீட்டில் நான் வாயே திறக்கவில்லை.

கவுன்சலிங்கில் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று நம் விருப்பத்தை வரிசையாகப் பதிய வேண்டும். வரிசையில் மேலிருந்து பார்த்து, நம் ரேங்குக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள். பதிவதற்கு நிலக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். அம்மா மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தாள், அந்தச் சின்ன அறை முழுக்க மல்லிகை வாசம். நான் முதல் வரியில் கோவையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"நிப்பாட்டு. மொத வரிய ஆத்தாளுக்கு விட்ரு" என்றாள் அம்மா.

இது என்ன பேச்சு என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். பூ வைத்திருக்கிற வீடுகளில் இது சாதாரணம். விடியுமுன் மொட்டுப் பறிக்கப் போனால் முதல் கை நிறையப் பறிப்பது அம்மனுக்கு. அதை இலையில் தனியாகக் கட்டிவிடுவார்கள். அதை விற்பதில்லை, தலையில் வைப்பதில்லை, மோந்துகூடப் பார்ப்பதில்லை. பூ கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற தை மாசத்தில்கூட அம்மா அந்தக் கைப்பிடியைக் குறைத்ததில்லை. கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அந்த வழக்கத்தை எல்லாவற்றுக்கும் நீட்டிவிட்டாள். முதல் இட்லி, முதல் தேங்காய், புது நோட்டில் முதல் பக்கம் எல்லாமே அம்மனுக்கு.

சென்டர் அக்கா சிரித்துவிட்டு, "மொத வரியக் காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காதுக்கா" என்றார்.

"அப்ப நமக்கு வராதது எதையாச்சும் போட்டு விடு. ஆசைப்பட்டதை ரெண்டாவதா வை. ஆசைப்பட்டதை மொதல்ல நீட்டுனா கண்ணு பட்டுரும்."

எனக்கு வராதது எது என்று யோசிக்கவே தேவையில்லை. சென்னை என்றேன். எனக்கென்று கேட்க எனக்குத் தைரியம் வந்திருக்காது, அம்மனுக்கென்றால் கேட்டுவிடலாம் அல்லவா. இரண்டாவது கோவை. மூன்றாவது, நான்காவது என்று என்னென்னவோ போட்டோம். அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

முடிவு வந்த அன்று நான் தோட்டத்தில் இருந்தேன். போனில் பார்த்தேன். மூடிவிட்டுத் திரும்பவும் திறந்து பார்த்தேன். சென்னை. அந்த வருஷம் எல்லோரும் கம்ப்யூட்டர் பக்கம் விழுந்தடித்து ஓடியிருந்தார்கள், இரும்புப் பக்கம் கூட்டம் குறைந்து மதிப்பெண் இறங்கியிருந்தது. எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா, "சென்னையா? பெரிய காலேஜாச்சே" என்று எழுந்தேவிட்டார். அம்மா பூக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"அது ஆத்தாளுதுல்ல" என்றாள்.

கூடையைக் கவிழ்த்து வைத்தாள்.

"குடுத்தாச்சு. குடுத்ததை எப்படி எடுக்குறது? வேணாம்னு சொல்லிட்டு ரெண்டாவது வரிய வாங்கு."

அப்படி வாங்க முடியாது. முதல் வரி கிடைத்தவுடன் அதற்குக் கீழே இருக்கிற வரிகள் எல்லாம் ரத்தாகிவிடும். சென்னை வேண்டாம் என்றால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கோவையில் இடம் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது தெருமுனைக்குப் பஸ் வருகிற கல்லூரிதான். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதையெல்லாம் நான் அம்மாவிடம் விளக்கினேன். அவள் கேட்டாள். கேட்டுவிட்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போன அப்பாவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"நாம குடுத்ததைத் திரும்பக் கேட்டா, அவளும் குடுத்ததைத் திரும்பக் கேப்பா."

அம்மன் அவளுக்குக் கொடுத்தது என்ன என்று நான் கேட்கவில்லை. தொழுவத்தில் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தது அது. எனக்கு உலோகச் சோர்வு தெரியும், பழுப்பும் மினுமினுப்பும் தெரியும், அன்றைக்கு ஏன் ஒடிந்தது என்று படம் போட்டு விளக்கத் தெரியும். ஆனால் மோர் ஏன் அந்த நேரத்தில் வந்தது என்று எனக்கும் தெரியாது. அம்மா சொன்னதை என்னால் அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. நான் சென்னைக்குப் போய்விட்டால் கொக்கியை யார் பார்ப்பது? கோவை என்றால் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அவ கெடக்கா. நீ என்ன நெனைக்கிற?"

"அம்மா வேணாம்னா வேணாம்ப்பா" என்றேன்.

அப்பா விடவில்லை. "கொக்கிய நெனச்சுத்தான் சொல்றியா? போட்டோ எடுத்து அனுப்புறேன். நீ பாத்துச் சொல்ற வரைக்கும் மேலயே நிக்கிறேன். போதுமா?" என்றார்.

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டேன். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் விடியுமுன் அம்மாவோடு நானும் பறிக்கப் போனேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அவள் விரல்கள் எப்போதும்போல ஓடவில்லை. முதல் கையைப் பறித்து இலையில் கட்டியதும், "வா" என்றாள். இரண்டு பேரும் வாய்க்கால் ஓரமாகக் கோயிலுக்கு நடந்தோம். பூசாரி அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். பூவை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். தீபம் காட்டினார். அம்மா கையைக் கூப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றாள், உதடுகள் மட்டும் அசைந்தன. நான் மேலே தொங்கிய விளக்கின் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன வேண்டுவதென்றே எனக்குத் தெரியவில்லை.

பூசாரி திருநீறு கொடுத்தார். பிறகு தினமும் செய்வதுபோல, அம்மன் காலடியிலிருந்து ஒரு பிடி மொட்டை அள்ளி அம்மா கையில் போட்டார். தினமும் அம்மா அதை முந்தானையில் முடிந்துவந்து, வீட்டில் கட்டித் தலையில் வைப்பாள். அன்று அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். தோட்டத்து வேலிக்கு வந்ததும் நின்றாள்.

"இது யாரு பூ?" என்று கேட்டாள்.

"நம்ம பூதான். இப்பத்தானம்மா பறிச்சோம்."

"நம்மது எப்படி? குடுத்தாச்சுல்ல." அவள் உள்ளங்கையை எனக்கு நேராக நீட்டினாள். "நான் கேட்டு வாங்கல. அவளா குடுத்தா. தெனம் குடுக்குறா. நாந்தான் இம்புட்டு நாளும் யோசிக்காம வாங்கித் தலையில வச்சிருக்கேன்."

எனக்கு அவள் எங்கே வருகிறாள் என்று புரிந்துவிட்டது. சென்னையும் அம்மன் தானாகத் திருப்பிக் கொடுத்ததுதான் என்கிறாள். புரிந்ததும் பதறிப்போய், "இல்லம்மா, உனக்கு மனசுக்குச் சரியாப் படலைன்னா வேணாம்மா. நான் இங்கயே படிக்கிறேன்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். என் அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசினால் பூ எடை போடுகிற மாதிரி கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

"நேத்துலருந்து பாக்குறேன். நான் வேணாம்னு சொல்லணும்னே நீ காத்துக்கிட்டு இருக்க. நாளைக்கு நாலு பேருகிட்ட, எங்கம்மாதான் விடலைன்னு சொல்றதுக்கு உனக்கு ஆளு வேணும். என் பயத்துக்குப் பின்னால ஒன் பயத்தை ஒளிச்சு வச்சிருக்க."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையைக் கழுவிவிட்டு, என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். திரையில் ஏற்கிறேன் என்ற பொத்தானும் மறுக்கிறேன் என்ற பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விரல் தப்பானதில் பட்டுவிடுமோ என்று ஒரு பயம், சரியானதில் பட்டுவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குல்ல? எனக்கும்தான். அமுக்கு."

அமுக்கினேன்.

சென்னை நான் பயந்த மாதிரியே இருந்தது. இங்கிலீஷுக்குச் சிரித்தார்கள், மின்சார ரயிலில் தொங்கினார்கள், விடுதியில் என் கட்டிலுக்கு நேர்மேலே மின்விசிறி. நான் கட்டிலை நகர்த்திப் போட்டதைப் பார்த்துக் கூட இருந்தவள் வாஸ்துவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்பா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கிணற்றில் இறங்க வேண்டிய நாளில் கொக்கியைத் துடைத்து நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புவார். வகுப்பில் இருந்தாலும் மேஜைக்கு அடியில் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பிறகு "எறங்குங்கப்பா" என்று அனுப்புவேன். அவர் மேலே வந்து "வந்துட்டேன்" என்று அனுப்புகிறவரை பாடம் எதுவும் காதில் ஏறாது.

இரண்டாம் வருஷத்தில்தான் அந்தப் பாடம் வந்தது. சோர்வு விரிசல் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது, நல்ல வெளிச்சத்தில் துடைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆசிரியை இதை வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அப்படியென்றால் நான் டார்ச் அடித்துப் பார்த்ததெல்லாம் என்ன? போட்டோவைப் பெரிதாக்கி "எறங்குங்கப்பா" என்று அனுப்பியதெல்லாம் என்ன? இடைவேளையில் வெளியே ஓடிவந்து அப்பாவைக் கூப்பிட்டு, நான் லீவுக்கு வருகிறவரை கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். "சரி அப்பு, போகல" என்று மட்டும் சொன்னார்.

லீவுக்கு வருகிற வழியில் திண்டுக்கல்லில் வெல்டிங் சாமான் விற்கிற கடையில் இரண்டு ஸ்பிரே டப்பாக்கள் வாங்கினேன். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. இரும்பை நன்றாகக் கழுவிக் காயவைத்து, சிவப்பை அடித்துக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். பிறகு மேலே இருக்கிற சிவப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வெள்ளையை அடித்தால், உள்ளே இறங்கியது வெளியே வந்து கோடு போட்டுக் காட்டும். விரிசல் இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

கிணற்று மேட்டில் சாக்கை விரித்துக் கொக்கியை வைத்தேன். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பறித்த பூவோடு அந்தப் பக்கமாக வந்தவள், கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றுவிட்டாள். சிவப்பை அடித்தேன். டப்பாவில் போட்டிருந்த நேரம் காத்திருந்தேன். துடைத்தேன். வெள்ளையை அடித்தேன். கொக்கி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கழுத்து வளைகிற இடத்தில், முடி மாதிரி மெல்லிசாக, ஒரு சிவப்புக் கோடு எழுந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அது நீண்டு, பாதிக் கழுத்தைச் சுற்றி வந்து நின்றது.

நான் துடைத்துத் துடைத்துப் பார்த்த கொக்கி அது. போன மாசம்கூட அதைப் பார்த்துத்தான் எறங்குங்கப்பா என்று அனுப்பினேன். அம்மாவின் இடுப்பிலிருந்த கூடை மெல்லச் சரிந்தது, அவள் அதைப் பிடிக்கவில்லை.

அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்க் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, என் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"மோரு இருந்தா கொண்டா" என்றார்.